பேராசிரியர் தரும் எரிசக்தி ஆலோசனை

நெடுங்காலம் பொருளியல் கற்பித்த பேராசிரியர் ஒருவர் நடத்தும் எரிசக்தி ஆலோசனைச் சேவையை எங்கள் தொழிற்கூடத்துக்காகப் பெற்றோம். மின்கட்டணத்தில் நுகர்ந்த யூனிட்டுக்கு ஒரு பகுதியும் உச்சத் தேவைக்கு (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சக்திக்கு) இன்னொரு பகுதியும் இருப்பதை அவர் விளக்கிய விதம் மிகத் தெளிவானது: 50 கிலோவாட் மோட்டார்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் தேவை 100 கிலோவாட், ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால், யூனிட் குறையாமலே, தேவை பாதியாகிறது. புதிய இயந்திரம் எதையும் வாங்கச் சொல்லாமல் வேலை நேரத்தை மாற்றியமைக்கச் சொன்னது அவர்மீது மதிப்பைக் கூட்டியது. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் திறன் கூடினால் அதன் நுகர்வும் கூடலாம் என்று 1865-இல் ஜெவன்ஸ் (அவரும் பொருளியல் கற்பித்தவரே) நிலக்கரியை முன்வைத்துச் சொன்னதை நினைவூட்டி, சேமிப்பை மாதந்தோறும் அளந்து பார்க்கவும் வற்புறுத்தினார். அறிக்கைதான் தாமதமாக வந்தது. வருங்காலச் சேமிப்பை இன்றைய மதிப்புக்கு மாற்ற அவர் எடுத்துக்கொண்ட வட்டி வீதத்தின் காரணத்தையும் நாங்களே கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.