கொடைக்கானல் முகாமா, சபை வி.பி.எஸ்.ஸா?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்றே எங்கள் வீட்டில் ஆரம்பித்த பஞ்சாயத்து இது. மகளுக்குக் கொடைக்கானலில் நடக்கும் ஐந்து நாள் வாலிபர் முகாமுக்குப் போக ஆசை. எங்கள் சபைப் போதகரின் மனைவி, ஐயரம்மா என்று கூப்பிடுவோம், அவர்களோ, "நீ வி.பி.எஸ்.ஸுக்கு வரலைன்னா சின்னப் பிள்ளைகளோட பிகினர் வகுப்பை யார் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டார்கள். மூத்தவனை ஏற்கெனவே இரண்டுக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வி.பி.எஸ்., அதாவது கோடை விடுமுறையில் சபையிலேயே நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி, பத்து நாள், காலையில் மட்டும். பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, இடைவேளையில் சுண்டலும் சர்பத்தும், ஒரு நாள் தெருவில் ஊர்வலம். கட்டணம் பெயருக்குத்தான். ஆனால் பதினான்கு வயசுப் பையனை உட்கார வைத்து ஆக்‌ஷன் பாட்டுக்குக் கை ஆட்டச் சொன்னால் மூன்றாம் நாளே வயிற்றுவலி வந்துவிடும். என் மகனுக்கு வந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. 1898-இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி பியர் விற்கும் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து இதுபோன்ற பள்ளியை நடத்தியது, கோடையில் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளுக்காக. சீனியர் வகுப்பு என்று பெயர் வைத்தாலும் சட்டை சின்னதாகத்தான் இருக்கிறது.

முகாமின் கதை வேறு. 1885-இல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த சம்னர் டட்லி ஏழு பையன்களைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் மாநிலத்து ஏரிக்கரை ஒன்றில் கூடாரம் அடித்தார். அந்த முகாம் இன்னும் நடக்கிறது. வீட்டை விட்டு வெளியே, கொஞ்சம் பெரியவர்கள் மாதிரி இருப்பதுதான் இதில் பிள்ளைகளை இழுக்கிறது. ஏழாயிரம் அடி உயரக் குளிரில் விடியற்காலை பைபிளோடு தனியாக உட்காரும் அரை மணி நேரம், தன் தட்டைத் தானே கழுவுவது, வேறு ஊர்ப் பிள்ளைகளோடு ராத்திரி அரட்டை. இதெல்லாம் சபை ஹாலில் கிடைக்காது.

எனக்கு இடிக்கிற இடம் கடைசி இரவு. மகன் போன முகாமில் பாவங்களைச் சீட்டில் எழுதி நெருப்பில் போடச் சொன்னார்களாம். மெதுவாகப் பாட்டு, எல்லார் கண்ணிலும் தண்ணீர், "வாழ்க்கையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கை உயர்த்துங்கள்." ஐந்து நாள் தூக்கமில்லாத பிள்ளை கை தூக்காமல் என்ன செய்யும்? வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஐந்தரைக்கு எழுந்து ஜெபித்தான். அப்புறம் நின்றுபோனது. "என்னடா ஆச்சு?" என்று கேட்க முகாமை நடத்திய அண்ணன்மார் யாரும் எங்கள் ஊரில் இல்லை. அதே முகாமில் அவனுக்குக் காய்ச்சல் வந்ததும் எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

அதனால் பணம் கட்டுமுன் கேளுங்கள்: பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தில் பொறுப்பான பெண்கள் எத்தனை பேர், காய்ச்சல் வந்தால் யார் போன் செய்வார்கள், பிள்ளைகள் பாதுகாப்பு விதிமுறை எழுத்தில் இருக்கிறதா. போக்சோ சட்டம் 2012-இலேயே வந்துவிட்டது. "நம்ம ஆட்கள்தானே" என்ற பதில் போதாது. சபை வி.பி.எஸ்.ஸிலும் இதைக் கேட்கலாம், ஆனால் யாரும் கேட்பதில்லை. செலவு என்று பார்த்தால் முகாம் சில ஆயிரம், ஸ்வெட்டர் தனி. வேனில் போனால் மலைக்கு இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) வேண்டும், 2024 மே 7 முதல் அந்த நடைமுறை. வத்தலக்குண்டு தாண்டியதும் வாந்திக்கு எலுமிச்சம்பழம்.

திருமண்டலம், அதாவது பல சபைகள் சேர்ந்த பேராயரின் நிர்வாகம், சமவெளியில் நடத்தும் மூன்று நாள் முகாமும் உண்டு. வெயில், நீண்ட பிரசங்கம், நல்ல பிரியாணி. அவ்வளவுதான்.

என் ஓட்டு வி.பி.எஸ்.ஸுக்கு, ஆனால் மாணவராக அல்ல. போன வருஷம் மகளை உதவி ஆசிரியையாகப் போட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தரையில் உட்கார்ந்து இருபது காகித ஆடுகளுக்கு பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் ஃபெவிகால். காணாமற்போன ஆட்டின் கதையை நான்கு வயசுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல மூன்று முறை என்னிடம் ஒத்திகை பார்த்தாள். எந்த முகாமும் அவளை அப்படிப் படிக்க வைத்ததில்லை. அந்தப் பிள்ளைகள் இப்போதும் கடைத்தெருவில் "டீச்சர்" என்று கத்துகிறார்கள். உங்கள் சபை பெரிய பிள்ளைகளுக்குப் பொறுப்பு கொடுக்காது, பெஞ்சில்தான் உட்கார வைக்கும் என்றால், யோசிக்காமல் மலைக்கு அனுப்பிவிடுங்கள்.

இந்த வருஷம் மகள் இரண்டும் வேண்டும் என்கிறாள். வி.பி.எஸ். நிறைவு விழா சனிக்கிழமை சாயங்காலம், முகாம் வேன் அன்று காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது. ஒன்பது நாள் வகுப்பெடுத்துவிட்டு வேன் ஏறட்டும் என்று முடிவு. ஐயரம்மாவிடம் யார் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.