நடுக்கத்துக்கு டிபிஎஸ் ஓகே, மூளைப் பதிவு வசதிக்குத் தனிக் காசு தேவையா?

அப்பாவுக்கு எசென்ஷியல் ட்ரெமர், அதாவது வேலை செய்யும்போது கை நடுங்கும் நோய். பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தவர், ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போய்க் கடையை மூடினார். ப்ரொப்ரனோலால், ப்ரிமிடோன் மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை, அதனால் டிபிஎஸ், அதாவது மூளைக்குள் கம்பி வைத்துக் கரண்ட் கொடுக்கும் சிகிச்சை. மூளையின் நடுவே தலாமஸ் என்ற பகுதியில் விம் என்கிற இடத்தில் மெல்லிய கம்பி, மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரி. நடுக்கத்துக்கு ஐந்து ஸ்டாரும் கொடுக்கலாம், டீ டம்ளரை ஒரே கையில் பிடித்துக் குடிக்கிறார்.

என் பிரச்சினை அந்தப் பேட்டரியில் இருக்கும் மூளைப் பதிவு வசதிதான். கரண்ட் கொடுக்கிற அதே கம்பி, பக்கத்து நரம்பணுக்களின் சிக்னலையும் பிடிக்கும், எல்லாம் மைக்ரோவோல்ட் கணக்கு. டாக்டர் அப்பாவைக் கையை நீட்டச் சொல்லி, பேப்பரில் சுருள் வரையச் சொல்லி, ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, டேப்லெட்டில் கோடு ஓடுவதைக் காட்டினார். அசத்தலாகத்தான் இருந்தது. ஆனால் கரண்ட் எவ்வளவு என்று முடிவானது சுருளையும் பேச்சையும் பார்த்துத்தான். கொஞ்சம் ஏற்றினால் கை நிற்கிறது, இன்னும் ஏற்றினால் நாக்கு குழறுகிறது.

பார்க்கின்சன் என்றால் கதை வேறு. அதில் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா அலை, மாத்திரை போட்டாலோ கரண்ட் கொடுத்தாலோ இறங்கும், டாக்டருக்கு அது ஒரு நல்ல அளவுகோல். எசென்ஷியல் ட்ரெமருக்கு அப்படி எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் இன்னும் கிடையாது. கை வேலை செய்யும்போதுதான் நடுக்கமே வருகிறது, வீட்டில் பதிவாவதோ 10 நிமிஷத்துக்கு ஒரு சராசரி. போதாததற்கு உடம்பு அசைவும் இதயத் துடிப்பும் சிக்னலில் கலந்துவிடும்.

ஆஸ்பத்திரி கவுன்சிலர் (பெயர் வேண்டாம்) "மூளையைப் படிச்சு மெஷினே அட்ஜஸ்ட் பண்ணிக்கும் சார்" என்று சொல்லித்தான் எங்கள் தலையில் கட்டினார். அந்தத் தானியங்கி முறைக்கு அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது உண்மை, ஆனால் பார்க்கின்சனுக்கு மட்டும். இதை அவர் ஏன் சொல்லவில்லை?

மற்றபடி தினசரி வாழ்க்கையில் தொல்லை இல்லை. தண்டையார்பேட்டை மெட்ரோவில் உடம்பில் கருவி இருப்பதைச் சொல்லும் கார்டைக் காட்டினால் மெட்டல் டிடெக்டர் இல்லாமல் கையால் சோதித்து விடுகிறார்கள். டாக்டர் சொன்னபடி ராத்திரி படுக்கும்போது ஆஃப் செய்துவிடுகிறோம், பேட்டரி மிச்சம்.

எசென்ஷியல் ட்ரெமருக்கு மட்டும் வாங்குகிறவர்கள், பதிவு வசதி இல்லாத மாடலுக்கும் சேர்த்து எழுத்தில் விலை கேளுங்கள், ரீசார்ஜ் செய்கிற வகையா, இல்லையென்றால் பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.