அண்டாவும் எஞ்சினும்: கார்ட் பந்தயத்துக்கு வாடகையா, சொந்தமா?

மதுரையில் கல்யாணத்துக்கு யாரும் அண்டா வாங்குவதில்லை. பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுப்போம். திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நெளிந்திருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார். அக்கா மகன் ஓட்டும் கார்ட்டுக்கு, அதாவது கூரையில்லாத குட்டிப் பந்தய வண்டிக்கு, எஞ்சின் தேடி அலைந்த நாட்களில் எனக்கு அந்த அண்டாதான் அடிக்கடி ஞாபகம் வந்தது.

நான் சொல்வது ரோட்டாக்ஸ் மேக்ஸ் வகை எஞ்சினை. ஆஸ்திரியாவில் செய்வது, 125 சிசி, டூ-ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்வது. சீனியர் பிரிவில் ஏறக்குறைய 30 குதிரைத்திறன் தரும். காசு கொடுத்து பத்து நிமிடம் ஓட்டும் பொழுதுபோக்கு டிராக்குகளில் பெரும்பாலும் ஹோண்டா ஜிஎக்ஸ் போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக்தான் இருக்கும். வயல் பம்பில் மாட்டுகிற அதே குடும்பம். பையன் இப்போதுதான் ஸ்டீயரிங் பிடிக்கிறான் என்றால் அதில் ஒன்றை வாங்கிப் போடுங்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் போதும், யோசிக்கவே வேண்டாம்.

ரோட்டாக்ஸ் அப்படி இல்லை. அதன் வயதை வருடத்தில் சொல்லமாட்டார்கள், மணியில்தான் சொல்வார்கள். சுமார் 50 மணி நேரம் ஓடியதும் ரீபில்ட் செய்ய வேண்டும், அதாவது பிரித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்ட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஜெயிக்கிற வெறியில் இருப்பவர்கள் அதற்கு முன்பே பிஸ்டனை மாற்றுவார்கள். ஒரு பந்தய வார இறுதியில் பயிற்சி, தகுதிச் சுற்று, ஹீட்ஸ் என்கிற முன்சுற்றுகள், ஃபைனல் எல்லாம் சேர்த்தாலும் எஞ்சின் சுற்றுவது இரண்டு மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் ஸ்டாண்டில் கிடக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். எஞ்சின் விலை 100 என்று வையுங்கள். ஒரு வார இறுதிக்கு வாடகை 8. இரண்டு வருடம் ஓட்டி 55-க்கு விற்றால் நஷ்டம் 45. ரீபில்ட், கிளட்ச், சில்லறைச் சாமான் என்று ஒரு 20. ஆக 65. எட்டு வார இறுதிக்கு மேல் ஓடினால் வாங்கியவருக்கு லாபம். இது என் கையில் போட்ட எண். உங்களுக்குக் கிடைக்கும் விலையை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஐந்து பந்தயம், இரண்டு வருடத்தில் பத்து என்று நானும் துள்ளினேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்தது. அக்கா வண்டிச் சாவியை எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள். அந்த இரண்டு வருடத்தில் அவன் ஓட்டியது மொத்தம் ஆறு பந்தயம். வாடகைக் கணக்கில் அது 48-தான்.

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூனியரிலிருந்து சீனியருக்குப் போகும்போது ஏதோ ஒரு தகட்டைக் கழற்றினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஜூனியர் சிலிண்டரில், புகை வெளியேறும் வழியைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பவர் வால்வே கிடையாது, சீனியரில் உண்டு. சிலிண்டரையே மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிதான். எஞ்சினை வாடகைக்கு விடுபவருக்கு இந்தத் தலைவலி இல்லை, அடுத்த எஞ்சினை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அவரிடம் நாம் உண்மையில் வாடகைக்கு எடுப்பது அவருடைய கையைத்தான். எங்களுக்குப் பக்கத்து டிராக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அடுத்த பந்தயம் பெங்களூரு என்றால் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் பத்து சதவீதம் குறையும். அதற்குத் தக்கபடி கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் துளையை, சின்னதாக்க வேண்டும். அதே ஜெட்டோடு, காற்று அடர்ந்த கடலோரச் சென்னையில் முழு வேகத்தில் விட்டால் பெட்ரோல் பத்தாமல் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் சீஸ் ஆவது என்பார்கள். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தமும், அதற்குப் பிறகு வரும் அமைதியும் தெரியும். டிராக்கிலேயே கிடக்கும், எஞ்சினை வாடகைக்கு விடுபவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தைப் பார்த்து ஜெட் எண் சொல்வார். நான் முதல் வருடம் முழுக்க அந்தப் பிளக்கை உற்றுப் பார்த்துவிட்டு, தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சொந்தமாக வைத்தால் வீட்டிலும் வேலை உண்டு. பெட்ரோலில் இரண்டு சதவீதம் ஆயில், அதாவது ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. டிவிஎஸ் 50 ஓட்டிய ஊருக்கு இது புதிதில்லை. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் விட வேண்டும், கூலன்ட் கலக்கப் பந்தய விதி விடாது. நம்ம ஊர் போர் தண்ணீரை விட்டால் என்ன ஆகும்? பாத்ரூம் குழாயில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டருக்குள் படியும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை விடுங்கள். ஓட்டி முடித்ததும் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் காலி செய்யுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. நாள்பட வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் வீட்டில் ஒருவர் இல்லையென்றால் வாங்காதீர்கள். காசு இருப்பது வேறு விஷயம்.

வாடகையை ரொம்பவும் புகழ்ந்துவிட்டேன் போலிருக்கிறது. அதிலும் வில்லங்கம் உண்டு. நல்ல எஞ்சின் யாருக்குப் போகிறது என்பது எப்போதும் சந்தேகம்தான். நேர்கோட்டில் பக்கத்து வண்டி தாண்டிப் போகும்போது, பையன் சரியாக ஓட்டவில்லையா, எஞ்சின் களைத்துவிட்டதா என்று கடைசி வரை தெரியாது. ரோட்டாக்ஸின் உலக இறுதிப் போட்டியில் எஞ்சினையே சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்கிறார்கள். காரணம் இல்லாமலா செய்வார்கள்? அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசி ரீபில்டுக்குப் பிறகு எத்தனை மணி ஓடியிருக்கிறது? சீஸ் ஆனால் செலவு யாருடையது? இரண்டாவதற்கு "பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான். எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, பழைய எஞ்சின். அதில்தான் நான் விழுந்தேன். பாதி விலை, ஸ்டார்ட் செய்தால் சிங்கம் மாதிரி சத்தம். நாங்கள் போன பந்தயத்தில் ரோட்டாக்ஸ் எஞ்சினை இறக்க வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் போட்ட சீல் இருக்க வேண்டும். போல்ட்டில் கம்பி கோத்து, எண் பொறித்த சின்னத் துண்டு அது. அதே எண் எஞ்சினோடு வரும் அட்டையிலும் இருக்க வேண்டும். நான் சீல் தொங்குவதைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் பரிசோதனையில் அங்கிருந்த அதிகாரி டார்ச் அடித்து, எண்ணை இரண்டு தடவை படித்து, அட்டையைப் பார்த்து, பேனாவை மூடி வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையன் மட்டும் "என்ன மாமா?" என்றான். அன்றைக்கு வாடகை எஞ்சின் ஒன்றும் மிச்சமில்லை. ஊர் திரும்பும்போது ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம், அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை.

பிரித்துச் சரிபார்த்துப் புது சீல் போட வழி உண்டு. அந்தச் செலவைக் கேட்டதும், அது பயிற்சிக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போது பந்தயத்துக்கு வாடகை எஞ்சின், பயிற்சிக்கு இந்தச் சிங்கம். தவறி வந்த ஏற்பாடுதான் என்றாலும், இன்று யாராவது கேட்டால் இதையேதான் சொல்வேன்: முதல் வருடம் முழுக்க வாடகை, வருடத்தில் பயிற்சி நாள் பெருகினால் அதற்கு மட்டும் ஒரு பழையது, பந்தய எஞ்சினைச் சொந்தமாக வாங்குவதை, பிளக்கின் நிறம் உங்களுக்கே புரியும் வரை தள்ளிப்போடுங்கள்.

சிங்கம் அக்கா வீட்டு அடுப்படியில், கிரைண்டருக்குப் பக்கத்தில், பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாவாட்டப் போகும்போதெல்லாம் அக்கா அதில் கால் இடித்துக்கொள்வாள். "ஏன்டா, எஞ்சினுக்கு வாடகை குடுக்கத் தெரியுது, இந்த மூலைக்கு எப்படா குடுப்ப?"