கும்பகோணத்து மெடிக்கலில் ஓர் அல்பிரசோலம் அட்டை

ரயில், யூபிஐ, புதுசாய் வந்த பைபாஸ் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதட்டும். இந்த முறை ஊருக்குப் போய்வந்ததில் எழுதியே ஆகவேண்டியது, கும்பகோணத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்த்த பத்து நிமிடக் கூத்துதான்.

எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். சீட்டு லேமினேட் செய்யப்பட்டிருந்தது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் எழுதும் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம், 0-0-1 (இரவு மட்டும் ஒன்று), ஒரு மாதத்துக்கு. தேதியைப் பார்த்தால் சீட்டுக்கு மூன்று வயது. கடைப் பையன் தலைக்குமேல் இருந்த கேமராவைக் காட்டி, "பழைய சீட்டுக்குத் தரக்கூடாதுங்கய்யா, புதுசா எழுதிட்டு வாங்க" என்றான். "டாக்டர் திங்கக்கிழமைதானேப்பா வருவாரு, நேத்தோட மாத்திரை தீந்துபோச்சு" என்றார் பெரியவர். உள்ளேயிருந்து முதலாளி வந்தார், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கத்தரிக்கோலை எடுத்தார். அட்டையில் குறுக்கே ஒரு வெட்டு. ஐந்து மாத்திரை, சின்னக் காகிதக் கவர், அதன்மேல் பேனாவால் "இரவு 1". பில் இல்லை. "அதுக்குள்ள டாக்டரப் பாத்துருங்க."

முன்பெல்லாம் காலி அட்டையைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பினாலே போதும், "இதுல பத்து" வந்துவிடும். அந்தக் காலம் மலையேறிவிட்டது, நல்லதுதான். ஆனால் இப்போது நடப்பது என்ன? சட்டப்படி கொடுக்கக்கூடாததைக் கொடுத்தாகிவிட்டது. மருத்துவப்படி கொடுக்கவேண்டிய விதத்தில் கொடுக்கவும் இல்லை.

முதலில் அந்த வெட்டு. மாத்திரையின் பெயர், வலிமை, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாமே அட்டையின் பின்பக்க ஃபாயிலில்தான் இருக்கும். பேட்ச் எண்ணும் தேதியும் பெரும்பாலும் ஒரே ஓரத்தில் குத்தியிருக்கும். வெட்டினால் ஒரு துண்டுக்குத் தேதி போகும், இன்னொன்றுக்குப் பெயரில் பாதி போகும். வீட்டு மாத்திரை டப்பாவில் ஏற்கெனவே இப்படி நாலு துண்டு கிடக்கும். அல்பிரசோலம் 0.25, 0.5, 1 மில்லிகிராம் என்று வருகிறது. மறுமுறை கடையில் "அதே மருந்துதான், கம்பெனி வேற" என்று கொடுத்தால் நிறமும் மாறிவிடும். 0.25 துண்டும் 0.5 துண்டும் ஒரே டப்பாவில் சேர்ந்தால், பிரித்துச் சொல்ல வீட்டில் யாராலும் முடியாது.

பிரிட்டனில் இதே வகை மருந்து, டயசிபாம் என்று வைத்துக்கொள்வோம், அட்டைப்பெட்டியில் வரும். நோயாளியின் பெயரும் அளவும் அச்சடித்த லேபிள் மேலே ஒட்டியிருக்கும். தூக்கம் வரும், வந்தால் வண்டி ஓட்டாதே, மது கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கும். உள்ளே மடித்துவைத்த விளக்கத்தாள் வேறு. அதை யாரும் படிப்பதில்லை என்பது தனிக்கதை. ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு வாங்கிக்கொண்டு (இங்கிலாந்தில் 2024 மே முதல் இதுதான் கட்டணம், 60 வயதானால் இலவசம்) இதையாவது செய்கிறார்கள். கும்பகோணத்தில் காசு மிகக் குறைவு, ஆனால் காகிதமே இல்லை.

இனி லேமினேஷன். அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், குளோர்டயசிபாக்சைடு என்ற ஒரே குடும்பத்து மருந்துகள் எல்லாம் 2014 மார்ச் 1 முதல் ஹெச்1 அட்டவணையில், அதாவது சீட்டில்லாமல் விற்கக்கூடாத, கணக்கு வைக்கவேண்டிய மருந்துகளின் அரசுப் பட்டியலில் இருக்கின்றன. விற்கும் கடை தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். மறுபடி கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான். கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதியைச் சீட்டின்மேல் குறிக்க வேண்டும். லேமினேட் செய்த சீட்டில் முத்திரை எங்கே குத்துவது? பெரியவர் பத்திரமாக இருக்கட்டும் என்று செய்தார், பாவம். பல மாவட்டங்களில் ஆட்சியர் உத்தரவுப்படி மெடிக்கல்களில் கேமரா வந்துவிட்டதால் கடைக்காரர்களுக்குப் பயம் வந்திருக்கிறது. பயத்தில் கொடுக்காமல் விடுவார்கள், இல்லை, இரக்கப்பட்டு ஐந்து வெட்டுவார்கள். பதிவேட்டில் மட்டும் ஏறாது.

இந்த மாத்திரை தீர்ந்துபோவதைக் காய்ச்சல் மாத்திரை தீர்ந்துபோவதுபோல நினைக்கக்கூடாது. அல்பிரசோலத்தின் அரை ஆயுள் (உடம்பில் இருக்கும் மருந்தில் பாதி கழிய ஆகும் நேரம்) சுமார் 11 மணி நேரம். மாதக்கணக்கில் தினமும் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் பழைய நோயைவிட மோசமாகத் திரும்பும். அதிக அளவு எடுத்தவருக்கு வலிப்பே வரலாம். "பாத்தியா, மாத்திரை இல்லாம இருக்க முடியல, நோய் இன்னும் இருக்கு" என்று வீட்டார் முடிவு கட்டுவார்கள். பாதி சமயம் அது நோயே அல்ல, மாத்திரை விலகும் வேதனை. இதே வகையைச் சேர்ந்த குளோனசிபாமுக்கு அரை ஆயுள் 30 முதல் 40 மணி நேரம். அதனால் விலகல் சற்றுத் தாமதித்து வரும். ஆனால் அதே காரணத்தால், ராத்திரி போட்டது மறுநாள் காலையிலும் உடம்பில் நிற்கும். வயசானவர்கள் விடியலில் பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் இந்த வகை மாத்திரைகளுக்குப் பங்கு உண்டு. "வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு" என்கிறோமே, அதிலும்தான்.

அதற்காக மாத்திரையையே திட்டவும் மனசு வரவில்லை. பதற்றத்துக்கு எழுதும் எஸ்சிடலோபிராம் போன்றவை வேலைசெய்ய 2 முதல் 6 வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் பதற்றத்தைக் கூட்டியும் விடும். அந்த இடைவெளியைத் தாண்ட குளோனசிபாம் பாலம் மாதிரி உதவும். எம்ஆர்ஐ குழாய்க்குள் போக நடுங்குகிறவருக்கு ஒரே ஒரு வேளை மருந்து எவ்வளவு நிம்மதி! குடியை நிறுத்தியவருக்கு நடுக்கமும் வலிப்பும் வராமல் காப்பது குளோர்டயசிபாக்சைடுதான். சில நாள், சில வாரம் என்று எழுதப்படும்வரை அருமையான மருந்து. கெடுதல் தொடங்குவது, நிறுத்தும் தேதி எழுதப்படாத சீட்டில்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், கூட்டு மாத்திரை. எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராமும் குளோனசிபாம் 0.5 மில்லிகிராமும் ஒரே மாத்திரையில், பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று. போடுகிறவருக்கு உள்ளே இரண்டு இருப்பதே தெரியாது. பாலத்தை எடுத்துவிட்டு மற்றதைத் தொடர வழியில்லை; நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து நிற்கும். அம்மா அப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்துப்போகும்போது அங்கே இந்தக் கூட்டு கிடைக்காது. புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டு இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதி வாங்குங்கள்.

படர்தாமரைக்குப் போகிறவர்கள் கவனிக்க: ஊரில் இப்போது தோல் மருத்துவர்கள் இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தாராளமாக எழுதுகிறார்கள். அது கல்லீரலில் அல்பிரசோலம் உடையும் வழியை அடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ரத்தத்தில் அல்பிரசோலத்தின் அளவை ஏற்றும். வலிக்கு எழுதும் டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, சாராயம் மூன்றும் மூச்சை அமுக்கும் பகையாளிகள். 'டென்ஷன் மாத்திரையும் போடுறேன்' என்று தோல் டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நம்மவர்கள் சர்க்கரை, பிரஷர் சொல்வார்கள், இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள்.

ஆச்சரியப்படுத்திய ஒன்று: சிறிய அளவுகள். மாத்திரையைக் குறைத்து நிறுத்தும் முறையில், இருக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து, 2 முதல் 4 வாரம் நின்று, மறுபடி குறைப்பார்கள். ஒரே 0.5 மாத்திரையை உடைத்துப் பாதியாக்கினால் அது 50 சதவீத வெட்டு. பலர் தடுமாறி விழுவது அங்கேதான். குளோனசிபாம் பிரிட்டனில் வழக்கமாக 0.5, 2 மில்லிகிராம்தான். நம் ஊரில் 0.25 சாதாரணமாகக் கிடைக்கிறது. அல்பிரசோலத்தை டயசிபாமாக மாற்றிக் குறைப்பது இன்னொரு வழி. நியூகாசிலில் இதற்கென்றே சிகிச்சையகம் நடத்திய பேராசிரியர் ஹீதர் ஆஷ்டனின் கணக்கில் 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் ஏறக்குறைய 10 மில்லிகிராம் டயசிபாமுக்குச் சமம். டயசிபாம் 2, 5 என்று கிடைப்பதால் ஒவ்வொரு மில்லிகிராமாக இறங்கலாம். கணக்கை மருத்துவர்தான் போடவேண்டும், மெடிக்கல் முதலாளி அல்ல. எஸ்ஆர் (மருந்தை மெல்ல மெல்ல விடும் வகை) என்று போட்ட மாத்திரையை உடைக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

பெரியவரைப் போன்றவர்களுக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவே மேல் என்பேன். கூட்டம் உண்டு, பெஞ்சு உண்டு, காலையிலேயே போனால்தான் ஆகும், எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் சீட்டுக்கும் மாத்திரைக்கும் காசில்லை, ஒரே இடத்தில் தொடர்ந்து பார்ப்பார்கள். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று முன்பே விசாரித்து, அதற்கு ஒரு வாரம் மிச்சமிருக்கும்படி மாத்திரைக் கணக்கு வைக்கவேண்டும். யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி, தமிழிலேயே பேசுவார்கள். லண்டனில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில் அப்பாவுக்கு அல்பிரசோலம் எழுதி வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் போதைப்பொருள் சட்டத்தில் வரும் அல்பிரசோலம் போன்ற மருந்துகளைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கின்றன.

கடையில் கேட்கவேண்டியது: முழு அட்டை, பேட்ச் எண்ணும் காலாவதியும் அச்சடித்த பில், சீட்டில் கடை முத்திரையும் தேதியும். வெட்டித்தான் தருவார் என்றால் பெயரும் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கேளுங்கள், அந்தத் துண்டைக் கடைசியில் பிரியுங்கள். சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போடுங்கள், லேமினேட் வேண்டாம்.

திரும்பும்போது ஊரில் மலிவு என்று அள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கு: பிரிட்டனுக்குள் டயசிபாம், குளோனசிபாம் வகை 3 மாதத்துக்குக் குறைவான அளவு என்றால் தனி உரிமம் வேண்டாம், ஆனால் சீட்டோ மருத்துவர் கடிதமோ பெயரோடு வேண்டும். கவரில் வெட்டிய துண்டுகளைக் காட்டி அதிகாரியிடம் பேசிப் பாருங்கள், தெரியும். ஊரில் பதற்றத்துக்குச் சாதாரணமாக எழுதப்படும் எட்டிசோலம் அங்கே 2017 முதல் சி வகுப்புப் போதைப்பொருள். அதைக் கொண்டுவரவே வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச் முதல் ரத்தத்தில் குளோனசிபாமுக்கு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று ஓட்டுநருக்கு வரம்பு இருக்கிறது. மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டு, வண்டி ஓட்டுவது தடுமாறாமலிருந்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதற்கும் சீட்டு வேண்டும். துபாயில் இறங்கி உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள் அமீரக அரசின் இணையதளத்தில் முன் அனுமதி வாங்கிவிட்டே விமானம் ஏறுங்கள்.