ஸ்பெயின் குடும்பப் பெயர் தேடும் பக்கம்: என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக ஏற்றுமதிக் காகிதங்களைத் தயாரித்து வருகிறேன். போன சீசனில் பெங்களூரா கூழ் பீப்பாய்கள் லாரி ஏறும் நேரம். ஸ்பெயினிலிருந்து வாங்குபவருக்கு மூன்று கடிதங்களிலும் "திரு. ரூயிஸ்" என்று எழுதியிருந்தேன். முழுப் பெயரில் கடைசியாக இருந்தது அதுதானே. பணிவாகப் பதில் வந்தது: "நான் லோபெஸ். ரூயிஸ் என் தாயாருடைய பெயர்." எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அன்றிரவு தேடியபோது கிடைத்ததுதான் ஸ்பெயின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் இந்த இணையப் பக்கம். கட்டணம் கிடையாது. ஸ்பானிய மொழி தெரியாத நானே சமாளித்துவிட்டேன். ஸ்பெயினில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். ஒரு குடும்பப் பெயரை அடித்தால், அது முதல் குடும்பப் பெயராக எத்தனை பேருக்கு, இரண்டாவதாக எத்தனை பேருக்கு, இரண்டுமே அதுவாக எத்தனை பேருக்கு என்று தனித்தனியாகக் காட்டுகிறது. வழக்கமாக முதலில் வருவது தந்தை வழிப் பெயர், அடுத்தது தாய் வழிப் பெயர். கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை.

லோபெஸ் என்று அடித்தேன். முதல் பெயராக மட்டும் 8 லட்சத்துக்கு மேல். மாகாணக் கணக்கும் உண்டு. வடமேற்கில் கலீசியாவின் லூகோவில் இந்தப் பெயர் அடர்ந்து கிடக்கிறது. கார்சியாதான் எல்லாவற்றுக்கும் முதலிடம்: 14 லட்சத்துக்கு மேல், நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேர்.

குறை என்றால், பெயர் எப்படி வந்தது என்பதை இங்கே சொல்வதில்லை. அதை வேறு இடங்களில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் வரும் "எஸ்" (ez) இன்னாரின் பிள்ளை என்பதைக் குறிக்கும். ரோட்ரிகோவின் பிள்ளை ரோட்ரிகெஸ், லோபேயின் பிள்ளை லோபெஸ். லோபே என்ற பெயரோ ஓநாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுவது போலத்தான். ஆனால் நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர்களுடையது எப்போதோ உறைந்துவிட்டது. இன்றைய லோபெஸின் அப்பா பெயர் லோபேயாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இது ஸ்பெயினில் வசிப்பவர்களின் கணக்கு மட்டுமே. இருபது பேருக்கும் குறைவாக உள்ள பெயர்கள் வராது. பிலிப்பைன்ஸில் இருக்கும் ஸ்பானியப் பெயர்களுக்கு இங்கே விடை தேடாதீர்கள். அங்கே 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா ஒரு பெயர்ப் பட்டியலை அனுப்பி, குடும்பங்களுக்கு அதிலிருந்து பெயர் சூட்டச் செய்தார். அதனால் பெயரை வைத்து வம்சம் சொல்ல முடியாது.

என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது இரண்டாவது பெயருக்கான கணக்குதான். என் அம்மாவின் பெயர் என் ரேஷன் அட்டையிலும் இல்லை, பான் அட்டையிலும் இல்லை. அங்கே ஒவ்வொருவர் பெயரிலும் அம்மா வீடு உட்கார்ந்திருக்கிறது. 1999-இல் வந்த சட்டம் அம்மா வழிப் பெயரை முன்னால் வைக்கவும் பெற்றோருக்கு வழிவிட்டது. படித்தபோது மனம் நிறைந்தது.

ஏற்றுமதி வேலையில் இருப்பவர்கள் அவசியம் பயன்படுத்துங்கள். எங்கள் முகவரிப் பட்டியலில் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டங்கள் பிரித்துவிட்டேன். இந்த சீசனின் முதல் கடிதம் போன வாரம் திரு. லோபெஸுக்குப் போனது.