4 மி.மீ. ஸ்டீல் ஸ்கிட் பிளேட்: தட்டு தங்கம், போல்ட்தான் தலைவலி

கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற, வண்டியின் அடிப்பாகத்தைப் பாறையடியிலிருந்து காக்கும் ஸ்கிட் பிளேட்டை, அதாவது அடித்தட்டைக் கழற்றிய கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஸ்டீலா அலுமினியமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

தட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தட்டு துண்டு துண்டாக வருகிறது; முன் துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. அதற்கு நேர் மேலே இருக்கும் ஆயில் சம்ப்பில் (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) கீறல்கூட இல்லை. சம்ப்புக்கும் தட்டுக்கும் நடுவே 25 மி.மீ. இடைவெளி இருப்பதுதான் காரணம். ஒட்டினாற்போல் மாட்டினால் தட்டு வாங்கும் அடி அப்படியே சம்ப்புக்குப் போய்விடும். தன்னைத் தாங்கும் மவுண்ட்டில் இன்ஜின் ஆடும்போதெல்லாம் உரசவும் செய்யும். துண்டுகள் சேரும் இடத்தையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். முன் துண்டின் பின்விளிம்பு அடுத்த துண்டின் முன்விளிம்பைக் கீழிருந்து மூடுகிறது. கல் மாட்ட இடமில்லை. கடைசித் துண்டின் பின்விளிம்பை மேல்நோக்கி மடித்திருப்பதால் ரிவர்ஸ் எடுக்கும்போதும் பாறையில் கொக்கி போடாது.

எடை தெரிந்ததுதான். சதுர மீட்டருக்கு 4 மி.மீ. ஸ்டீல் சுமார் 31 கிலோ, 6 மி.மீ. அலுமினியம் 16 கிலோ. ஆனால் பாறையில் ஸ்டீல் வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியம் சுரண்டுபட்டுப் பிடித்துக்கொள்ளும். மணலும் சேறும்தான் அதிகம் என்றால் அலுமினியம் போடுங்கள். பாறை என்றால் ஸ்டீல்தான்.

இனி போல்ட்டுக்கு வருவோம். தட்டோடு வருவது M8, அதாவது 8 மி.மீ. மரை உள்ள கவுண்டர்சங்க் போல்ட். தலை தட்டுக்குள் புதைந்திருப்பதால் பாறையில் மாட்டாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தலையில் அறுகோணக் குழி உள்ள சாதாரண M8 ஆலன் போல்ட்டுக்கு 6 மி.மீ. கீ, இதற்கு 5 மி.மீ.தான். அந்தச் சின்னக் குழிக்குள் சேறு புகுந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடுகிறது. கீ பாதி ஆழம்தான் இறங்கும். அழுத்தித் திருகினால் அறுகோணம் வட்டமாகிவிடும். ஊசியால் குத்தி, காற்றடித்து, கீயைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிய பிறகுதான் திருக வேண்டும். பாறை தேய்த்துக் குழியின் வாயே மூடிப்போன போல்ட்டுக்கு இதுவும் பலிக்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தலைமேல் ஒரு நட்டை வெல்டு வைத்து, சூடு ஆறுமுன் திருப்பினால் வரும். இல்லாவிட்டால் டிரில் போட்டுத் தலையை எடுக்க வேண்டியதுதான். கிராஸ் மெம்பரில் (தட்டு மாட்டும் சேஸியின் குறுக்குச் சட்டம்) வெல்டு செய்த நட்டின் மரை போய்விட்டால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

திரும்ப மாட்டுவது அடுத்த கொடுமை. அடிபட்ட தட்டு போல்ட் பிடியில் இருக்கும்வரை நேராகத் தெரியும். கழற்றியதும் தன் வளைவுக்குப் போய்விடும், ஓட்டைகள் நேராகாது. ஜாக்கியில் மரக்கட்டை வைத்துத் தட்டைத் தூக்கி, எல்லாப் போல்ட்டையும் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றிய பிறகுதான் கீயைத் தொட வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மரை குறுக்கே ஏறும்.

ஆயில் வடியத் தட்டில் விட்டிருக்கும் ஓட்டையும் வட்டமாக இருக்கிறது. ட்ரெயின் போல்ட்டைத் திறந்ததும் ஆயில் பக்கவாட்டில் பாயும், குறையக் குறையத்தான் நேராக விழும். அதற்கு நீளவாக்கில் ஒரு வெட்டு வேண்டும். இல்லாததால் பாதி ஆயில் தட்டின் மேல் தேங்கி, பிறகு சொட்டிச் சொட்டி லீக்கேஜ் என்று பயமுறுத்துகிறது.

போல்ட்டுக்குத் தீர்வு இருக்கிறது. M10 அளவில், 8.8 வலிமைக் கிரேடு ஃபிளான்ஜ் போல்ட் (தலையின் அடியில் வாஷர் போன்ற விளிம்பு உள்ளது) போடுங்கள்; கிராஸ் மெம்பரின் நட்டையும் M10 ஆக்க வேண்டும். தலையைச் சுற்றி, அதைவிட 2 மி.மீ. உயரமான இரும்பு வளையத்தைத் தட்டில் வெல்டு செய்து, வளையத்தின் வெளிவிளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். சாக்கெட் உள்ளே போகுமளவு அகலம் இருக்க வேண்டும். மரை இறுகிப் பிடிக்காமலிருக்க ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் தடவினால், இறுக்கும் விசை 50 நியூட்டன் மீட்டருக்குப் பதில் 40 போதும்.

பாறைப் பாதையில் இந்தத் தட்டு இல்லாமல் நான் போக மாட்டேன். ஆனாலும் நண்பரிடம் இதை வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டின் தடிமனைப் பிறகு கேட்கலாம். முதலில் போல்ட் தலையைக் காட்டச் சொல்லுங்கள். 5 மி.மீ. ஆலன் என்றால் வேறு தட்டு பாருங்கள்.