கீரை எளிது, கழிவுதான் கடினம்: வீட்டு ஹைட்ரோபோனிக்ஸ் அலமாரியும் போகாஷி வாளியும்

மண் இல்லாமல் ஊட்டக் கரைசலில் வீட்டிற்குள் கீரை வளர்க்கும் இரண்டு தட்டு ஹைட்ரோபோனிக்ஸ் அலமாரி ஒன்றையும், சமையலறைக் கழிவை நொதிக்கவைக்கும் போகாஷி வாளிகள் இரண்டையும் சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இவற்றை ஒரே தொகுப்பாக விற்ற கடையின் விளம்பரத் தாளில் ‘விண்வெளிக் குடியிருப்புகளுக்கான தற்சார்புத் தொழில்நுட்பம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த வாசகம் இல்லாதிருந்தால் கீரை வளர்க்கும் பெட்டி என்ற அளவிலேயே இதை மதிப்பிட்டிருப்பேன். அளவுகோலை அவர்களே எடுத்துக் கொடுத்துவிட்டதால், விண்வெளிக்கான முயற்சிகளில் இதே வேலை எப்படி நடந்திருக்கிறது என்பதோடு ஒப்பிட்டே எழுதுகிறேன்.

வளர்ப்பைப் பொறுத்தவரை அலமாரியின் மீது பெரிய குறை இல்லை. கங்கோங், சாய்சிம் ஆகிய கீரைகளும் புதினாவும் எந்த வம்பும் இல்லாமல் வருகின்றன. லெட்யூஸ் மட்டும் நம் ஊர் வெப்பத்தில் முரண்டு பிடிக்கும். காற்று ஈரமாகவும் அசைவற்றும் இருந்தால் இலை வழியாக நீர் ஆவியாவது குறைகிறது. அந்த ஓட்டத்தோடு மேலேறவேண்டிய கால்சியம் இளம் இலைகளின் ஓரத்தை எட்டாமல் போக, அவை பழுப்பாகக் கருகிவிடுகின்றன. ஒரு சிறிய மேசை விசிறியைத் தட்டுகளின் பக்கவாட்டில் வைத்த பிறகு இந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது. விண்வெளி நிலையத்தில் 2014 முதல் இயங்கும் ‘வெஜ்ஜி’ சாதனத்திலும் காற்றோட்டம் சிக்கலானது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வளர்ந்த ஜின்னியா செடிகளைச் சுற்றி ஈரப்பதம் அதிகமாகிப் பூஞ்சணம் படர்ந்தபோது, விசிறியின் வேகத்தைக் கூட்டித்தான் செடிகளை உலர்த்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வீரர்கள் உண்ட சிவப்பு ரோமெய்ன் லெட்யூஸ் 33 நாள்களில் அறுவடையானது. என் அலமாரியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகிறது. ஆனால் அங்கே ஈர்ப்பு விசையின் துணை இல்லாததால் நீர் கீழே வடியாது. வேரைச் சுற்றிக் குமிழாக ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுக்கும். அதனால் சுட்ட களிமண் துகள்கள் நிரப்பிய சிறு பைகளில் விதை ஊன்றுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. மீன்தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்பு ஒன்றே போதுமாக இருக்கிறது.

செலவுக் கணக்கு ஆறுதலாக இல்லை. 40 வாட் எல்இடி விளக்குகள் நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு ஏறக்குறைய 17 யூனிட் மின்சாரம் ஆகும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் ஐந்து வெள்ளி. ஊட்டக் கரைசல், விதை, பஞ்சு ஆகியவற்றைச் சேர்த்தால் தேக்கா சந்தையில் கீரை வாங்குவதே மலிவு. பணத்தைவிடக் கலோரிக் கணக்கு இன்னும் கறாரானது. 100 கிராம் லெட்யூஸில் 15 கலோரி அளவுக்குத்தான் இருக்கிறது. ஒரு மனிதனுக்கு வேண்டிய உயிர்வளியைச் செடிகளே தர 20 முதல் 25 சதுர மீட்டரும், உணவு முழுவதையும் விளைவிக்க 40 முதல் 50 சதுர மீட்டரும் தேவை என்று விண்வெளி வேளாண்மை ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதுவும் கோதுமை, உருளைக்கிழங்கு, சோயா போன்றவற்றை மிகக் கடுமையான ஒளியில் வளர்த்தால்தான். 90 சதுர மீட்டர் வீட்டில் நால்வர் இருக்கிறோம். ஒருவருக்கான பயிரைத் தரையில் பரப்பினாலே பாதி வீடு போய்விடும்.

தொகுப்பின் மறுபாதியான போகாஷி வாளிகளில்தான் எனக்கு முழு மனநிறைவு இல்லை. காற்றுப் புகாத வாளியில் கழிவைப் போட்டு, நுண்ணுயிர் சேர்த்த தவிட்டைத் தூவி, அழுத்தி மூடிவிட்டால் இரண்டு வாரத்தில் ஊறுகாயைப்போலப் புளித்துவிடுகிறது. துர்நாற்றம் இல்லை, பூச்சியும் வருவதில்லை. குப்பைக் குழாயில் போடும் பையின் எடை கண்கூடாகக் குறைந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2023இல் உருவான ஏறத்தாழ 7,55,000 டன் உணவுக் கழிவில் 18 சதவீதமே மறுசுழற்சியானது என்னும்போது இதைச் சிறிய வேலை என்று தள்ள முடியாது. ஆனால் புளித்தது இன்னும் மக்கவில்லை. அது உரமாக வேண்டுமானால் மண்ணோடு கலந்து மேலும் சில வாரங்கள் கிடக்கவேண்டும், அடுக்குமாடி வீட்டிலோ மண் என்பதே கடையில் வாங்கும் பொருள்.

சரி, வாளியின் குழாயில் வடியும் திரவத்தை அலமாரியின் தொட்டியில் ஊற்றினால் சுழற்சி முழுமையாகிவிடாதா என்று எவருக்கும் தோன்றும். ஆகாது. அந்த வடிநீர் கடும் புளிப்பானது. அதிலுள்ள நைட்ரஜனும் பெரும்பாலும் செடி விரும்பும் நைட்ரேட் வடிவில் இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை 1989இல் தொடங்கிய ‘மெலிசா’ திட்டம் இந்த இடைவெளியை அடைக்கவே கழிவுக்கும் செடிக்கும் நடுவில் பல கட்டங்களை வைத்திருக்கிறது. ஒரு தொட்டியில் கழிவு சிதைகிறது; வெளிவரும் அம்மோனியத்தை நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்னும் நுண்ணுயிரிகள் மற்றொரு தொட்டியில் நைட்ரேட்டாக மாற்றுகின்றன; அதன் பிறகே அது பாசிக்கும் பயிருக்கும் போகிறது. என் வீட்டில் அந்த நடுக்கட்டம் இல்லை. எனவே அலமாரியும் வாளியும் அருகருகே நிற்கும் இரண்டு தனிப்பொருள்கள்தான். செடிக்கான, ஏ, பி என்று இரு பகுதிகளாக விற்கும் ஊட்டக் கரைசலைக் கடையில்தான் வாங்கி வருகிறேன்.

அடுத்த தடை உப்பு. எங்கள் வாளியில் விழுவதில் பாதி சாம்பார், மீன்குழம்பு, ஊறுகாய் மிச்சம். காய்கறித் தோல் மட்டும் போட்ட வாளியின் உரத்தில் வெண்டைச் செடி செழிப்பாக வளர்ந்தது. சமைத்த மிச்சத்தின் உரத்தை இட்ட தொட்டியில் இலை ஓரங்கள் தீய்ந்து, மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தது. நுண்ணுயிர்கள் சோற்றையும் பருப்பையும் சிதைக்கலாம், சோடியத்தை ஒன்றும் செய்ய முடியாது. மூடிய குடியிருப்பில் இது இன்னும் முற்றும்: வீரர்கள் உண்ட உப்பு சிறுநீரில் வெளியேறும், அது உரமானால் பயிர் அதை ஏற்காமல் தொட்டியிலேயே விட்டுவைக்கும், சுற்றுக்குச் சுற்று அளவு ஏறும். இதற்காக ரஷ்யாவின் கிராஸ்னயார்ஸ்க் ஆய்வாளர்கள் உப்பை இழுத்துக்கொள்ளும் சாலிகார்னியா செடியைச் சோதித்திருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் உமரி என்று சொல்லும் செடியின் உறவுதான் அது.

நீரின் சுழற்சியில் மட்டும் விண்வெளி வெகுதூரம் போய்விட்டது. வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் அனைத்தையும் சேர்த்து 98 சதவீத நீரை மீட்கும் நிலையை விண்வெளி நிலையம் 2023இல் எட்டியது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் ‘புதுநீர்’ குடித்துப் பழகிய நமக்கு அதில் முகம் சுளிக்க ஏதுமில்லை. பெய்ஜிங்கின் ‘லூனார் பேலஸ் 1’ கூடத்தில் 2017-18இல் 370 நாள் நடந்த சோதனையில் பயிரின் உண்ண முடியாத பகுதிகளை மீல்வோர்ம் புழுக்களுக்குத் தீனியாக்கி, அந்தப் புழுக்களைப் புரதத்திற்கு உண்டார்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பும் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உண்ண அனுமதித்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே எனக்குத் துணிச்சல் வரவில்லை. அரிசோனாவின் ‘பயோஸ்பியர் 2’ கூடத்தில் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் தங்கியபோது, வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்களே உயிர்வளியை உறிஞ்ச, அவை வெளிவிட்ட கரியமிலவாயுவைக் கான்கிரீட் சுவர் பிடித்துக்கொள்ள, உயிர்வளி சுமார் 14 சதவீதத்திற்கு இறங்கியது. உரமிட்ட மண்ணை அளவில்லாமல் சேர்ப்பதும் ஆபத்துதான் என்பதை இந்த விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை.

ஆகவே, தற்சார்பை எதிர்பார்க்காமல், பறித்தவுடன் சட்டியில் போடும் புத்தம்புதுக் கீரைக்காக அலமாரியை வாங்கலாம். தொட்டியைத் தேய்த்துக் கழுவும் பொறுமை வேண்டும். பம்பின் முனகல் இரவில் கேட்கும். வாளியை வாங்குவதற்கு முன் பேட்டையில் சமூகத் தோட்டம் இருக்கிறதா, அங்கே புளித்த கழிவை ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பேட்டையில் காய்கறித் தோல் வாளியை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார்கள். குழம்பு கலந்ததை வாங்குவதில்லை. அதனால் இப்போது இரண்டையும் தனித்தனி வாளியில் போடுகிறோம். தவிட்டுப் பொட்டலம் ஈரம் பட்டால் வீணாகிவிடும் என்பதால் பெரிய பொட்டலத்தை வாங்கவேண்டாம்.